பட்ட மரமும் பொங்கல் விறகும்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "வாசல் மாமரம் பட்டுப்போச்சுப்பா. ஆள வச்சு வெட்டிடலாம்னு இருக்கேன். தை வரைக்கும் காயப் போட்டா வர்ற பொங்கலுக்கு அதுவே விறகாயிடும். அதுக்கு முன்னாடி அண்ணிய ஒரு நடை கூட்டிட்டு வா, அவங்க பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் இருக்கும் அவருடைய தரைவீட்டின் முன்புறத்தில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற மரம் அது. ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கு இரண்டு பை நிறைய மாங்காய் வந்துவிடும். ஊறுகாய்க்கு ஒரு பை, பழுக்க வைக்க ஒரு பை.

அம்மாவைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 77 வயது. இன்று ஈசூன் என்று நாம் அழைக்கும் பகுதிக்கு அருகே, அந்நாளைய நீ சூன் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, பதினைந்து வயது வரை விறகடுப்பில் சமைத்து வளர்ந்தவர். பள்ளிவிட்டு வந்ததும் விறகு பொறுக்கப் போவதுதான் அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் இட்ட வேலை. எந்தக் கொப்பை ஒடிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அவர் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தவறான விறகைக் கொண்டுவந்த நாள்களில் புகையில் கண் எரிய உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அறுபது ஆண்டுகளாக எரிவாயு அடுப்பில் சமைத்தும் அந்தக் கண் அவரிடம் மங்கவில்லை.

தமிழில் மரம் பட்டுப்போகும் என்று சொல்கிறோம். பயிர் கருகும், செடி வாடும், மரம் பட்டுப்போகும். நின்ற நிலையிலேயே உயிர் போன மரத்துக்குப் பட்ட மரம் என்று பெயர். அதில் பூச்சி துளைத்து மாவு கொட்டினால் உளுத்த மரம். ஈரத்தில் கிடந்து நார் நாராகப் பிரிந்தால் மக்கிய மரம். நடுக்கட்டை கறுத்து இறுகியிருந்தால் வைரம் பாய்ந்த மரம். இத்தனை சொற்களும் விறகை நம்பி வாழ்ந்தவர்கள் செய்துவைத்தவை; ஒவ்வொன்றுக்கும் அடுப்பில் வேறு வேறு பலன் உண்டு. மாடி வீடுகளில் வளர்ந்த என் தலைமுறை, இலையில்லாத மரத்தை எல்லாம் செத்த மரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

அன்று மாலை நாங்கள் போய் இறங்கியபோது சித்தப்பா தம் மரத்தைக் காட்டுவதற்கு முன் எதிர்ப்புறம் சாலையோரத்தில் நின்ற நாட்டு வாதுமையைக் காட்டி, "அதுவும் போச்சு, அண்ணி. ரெண்டு வாரமா ஒரு இலை இல்ல" என்றார். மலாய்க்காரர்கள் கெத்தாப்பாங் என்று சொல்லும் மரம் அது. அம்மா சாலையைக் கடந்து போய் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முதலில் தரையைப் பார்த்தார். செம்பு நிறத்தில் பெரிய பெரிய இலைகள் சாக்கடை ஓரமாகக் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் காம்பின் நுனியைக் காட்டினார். அது வெட்டிவிட்டதைப் போல வழவழப்பாக, வட்டமாக இருந்தது. "இது தானா கழட்டிவிட்ட இல. செத்த மரம் இப்படிக் கழட்டாது" என்றார். பிறகுதான் தலையைத் தூக்கிக் கிளை நுனிகளைப் பார்த்தார். ஒவ்வொரு நுனியிலும் மொட்டு தடித்திருந்தது.

அவர் சொன்னதன் உட்பொருளை நான் பிறகு வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இலையை உதிர்ப்பது உயிருள்ள மரம் செய்யும் வேலை. காம்பு கிளையோடு சேருமிடத்தில் மரமே ஒரு மெல்லிய அடுக்கை உண்டாக்கி, இலையிலுள்ள சத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு அந்த இடத்தில் அதை விடுவிக்கிறது. திடீரென்று செத்துப்போன கிளைக்கு அந்த வேலையைச் செய்ய உயிர் இருப்பதில்லை. ஆகவே அதன் இலைகள் பழுப்பாகக் காய்ந்து, காற்றடித்தாலும் விழாமல், கிளையிலேயே சருகாகத் தொங்கிக்கொண்டிருக்கும். மொட்டையாக நிற்கும் மரத்தைவிடச் சருகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரத்தைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும். குளிர்காலம் இல்லாத சிங்கப்பூரில் இந்த வேறுபாட்டை அறியாமல் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே இலையுதிர்க்கும் மரங்களுக்கு ஒரே பருவம் கிடையாது. நாட்டு வாதுமை பெரும்பாலும் ஆண்டுக்கு இரு முறை உதிர்க்கும். ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று மொட்டையாகவும் மற்றொன்று தளிரோடும் நிற்கும். சில வகைகளில் ஒரே மரத்தின் ஒரு கிளை மட்டும் உதிர்த்துவிட்டு மறு கிளை பசுமையாக இருப்பதையும் கண்டிருக்கிறேன். அந்த வாதுமை மூன்றாவது வாரத்தில் தளிர் விட்டது.

மாமரத்தின் கதை வேறு. மா என்றும் பசுமையாக நிற்கும் மரம். மொத்த இலையையும் ஒரே சமயத்தில் உதிர்க்கும் பழக்கம் அதற்கில்லை. சித்தப்பாவின் மரத்தில் மேல் கிளைகள் முழுக்கப் பழுப்பு இலைகள் தொங்கின. அம்மா எட்டிய உயரத்தில் ஒரு கொப்பை வளைத்துப் பார்த்தார். வளையாமல் சடக்கென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் ஈரமில்லை. உள்ளே சாம்பல் நிறம். அதோடு விடவில்லை. நுனி செத்த பிறகும் அடி உயிரோடு இருக்கலாம் என்பதால் நுனியிலிருந்து கீழ்நோக்கி வந்து, ஒவ்வோர் இடத்திலும் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். கிளை தடித்த பிறகு நகம் போதவில்லை. சித்தி சமையலறையிலிருந்து சின்னக் கத்தி கொண்டுவந்தார். மேல்தோலுக்கு அடியில், நகத்தின் கனம்கூட இல்லாத ஓர் அடுக்கில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. அங்கே பச்சையாக, ஈரமாக, தொட்டால் சிறிது வழுக்குவதாக இருந்தால் அந்த இடம் உயிரோடிருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து, பொடியாக இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. "அந்த இடம்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மனிதரைப் போல மரம் ஒரே நொடியில் முழுதாகச் சாவதில்லை. ஒரு பக்கம் செத்து மறு பக்கம் பல ஆண்டுகள் வாழும் மரங்கள் உண்டு. ஆகையால் அடிமரத்தின் நான்கு திசையிலும், முழங்கால் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும், எட்டு இடங்களில் அம்மா சுரண்டச் சொன்னார். எட்டிலும் பழுப்பு. ஏழாவது இடத்தில் கத்தி பட்டதும் பட்டை ஒரு கை அகலத்துக்குத் தானாகவே பெயர்ந்து வந்தது. அதன் உட்புறத்தில் கரையான் கட்டிய மண்தடம் கிளை கிளையாகப் பிரிந்து ஓடியது.

அம்மா கத்தியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். "பட்டுத்தான் போச்சு" என்றார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி. "எதனால பட்டுச்சுன்னு பார்த்தீங்களா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். விறகாக்குவதற்குச் செத்திருந்தால் போதாதா என்று நான் நினைத்தேன். போதாது. எதனால் செத்தது என்பதில்தான் எவ்வளவு கட்டை தேறும், யார் அதை வெட்ட வேண்டும், வெட்டும்போது எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது காரை நிறுத்துவதற்காக வாசலை அகலப்படுத்தி, மரத்தின் தூர் வரை சிமெண்ட் போட்டார்கள். வேலை செய்தவர்கள் வேரில் கொஞ்சத்தை வெட்டியும் எடுத்தார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொன்னார்கள். சித்தப்பா நம்பினார். மரத்தின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மண்ணின் மேல் அரை மீட்டருக்குள்தான் பரவியிருக்கும்; அவற்றுக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். மேலே சிமெண்ட் மூடியதும் அவை மெல்ல மூச்சடைத்தன. முதல் ஆண்டு மரம் இருப்பில் இருந்ததை வைத்துக் காய்த்தது. இரண்டாம் ஆண்டு நிறையப் பூத்துக் கொஞ்சம் காய்த்தது. மூன்றாம் ஆண்டு பட்டது. மரத்தைக் கொன்ற நாளுக்கும் அது செத்த நாளுக்கும் இடையே இவ்வளவு தொலைவு இருப்பதால்தான் கட்டட வேலையின்போது வேரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

தூரில், சிமெண்டுக்கும் பட்டைக்கும் நடுவே, தட்டுப் போல ஒரு காளான் புடைத்து நின்றது. மேல்புறம் வார்னிஷ் பூசியது போன்ற செம்பழுப்பு, விளிம்பு வெள்ளை. அதைச் சுற்றிக் கோகோ மாவைத் தூவியது போலப் பழுப்புத் தூள். கனோடெர்மா வகைக் காளான் அது. வெளியே தட்டு தெரியும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றால் உள்ளே அடிமரத்தையும் வேரையும் அது வெகுநாளாகத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அம்மா சித்தப்பாவிடம் சுத்தியல் வாங்கி, அதன் மரப்பிடியால் அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டு போனார். முழங்கால் உயரம் வரை பறையில் தட்டுவதைப் போல வெற்றோசை. இடுப்புக்கு மேல் இறுக்கமான ஓசை. தேசியப் பூங்காக் கழகத்தின் மரவியல் வல்லுநர்களும் முதலில் இப்படித்தான் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் மெல்லிய ஊசி போன்ற துளைப்பானைச் செலுத்தியோ, ஒலியலையை மரத்தின் குறுக்கே அனுப்பியோ உள்ளிருக்கும் பொந்தை அளப்பார்கள்.

இலை பசுமையாக இருப்பதை மட்டும் வைத்து மரம் நலமென்று சொல்லிவிட முடியாது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு துயரமான சான்று உண்டு. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் சுமார் 270 வயதும் 40 மீட்டர் உயரமும் உடைய தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். மேலே இலை இருந்தது. அழுகல் மண்ணுக்கு அடியில், வேரில் இருந்தது. பட்ட மரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கிளை ஈரமிழந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுவதால், ஏறுகிறவரின் எடையையோ கயிற்றின் இழுப்பையோ அது தாங்காது. "நானே ஏணி வச்சு மேல் கிளையை எறக்கிடுவேன்" என்று சித்தப்பா சொன்னபோது, அம்மா குரலை உயர்த்தாமல், "வேணாம் தம்பி, கூலி கொடுத்து ஆளக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அடியில் காளான் கண்ட மரத்தில் எவரும் தாமாக ஏறக் கூடாது என்று நானும் இங்கே வற்புறுத்திச் சொல்கிறேன்.

மரம் யாருடையது என்பதையும் பார்த்தாக வேண்டும். சாலையோரத்திலும் பூங்காவிலும் அரசு நிலத்திலும் நிற்கும் மரம் பட்டிருந்தாலும், விழுந்து கிடந்தாலும், நாம் அள்ளிக்கொண்டு வரக் கூடியதில்லை. காய்ந்த கிளை தொங்குவதைக் கண்டால் அரசின் ஒன்சர்விஸ் செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம், வந்து பார்க்கிறார்கள். சொந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்கும் சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு: தங்ளின், புக்கிட் தீமா பகுதியிலும் சாங்கிப் பகுதியிலும் வகுக்கப்பட்டுள்ள மரப் பாதுகாப்பு வட்டாரங்களில், 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது. சித்தப்பாவின் வீடு அவற்றுக்கு வெளியே இருந்ததால் அந்தச் சிக்கல் எழவில்லை.

வெட்டலாம் என்று முடிவாகி, தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தி அந்த ஓசையைக் குறிப்பிட்டார். "தினமும் காலையில ஒரு குருவி இந்த மரத்துல தட்டிக்கிட்டே இருக்குது" என்றார். எல்லாரும் எழுந்து வெளியே வந்தோம். தரையிலிருந்து ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில், பட்டுப்போன தடித்த கிளையொன்றின் அடிப்புறத்தில், வட்டமான ஒரு சின்னத் துளை. விளிம்பு அவ்வளவு சீராக இருந்ததால் துளைப்பான் போட்டது போலத் தெரிந்தது. அதற்கு நேர் கீழே சிமெண்ட் தரையில் புதிய மரத்தூள் சிதறிக் கிடந்தது. கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். பிறகு பச்சை உடலும் சிவந்த நெற்றியும் கொண்ட ஒரு சின்னத் தலை துளையிலிருந்து எட்டிப் பார்த்தது. செம்மார்புக் குக்குறுவான். செம்பைத் தட்டுகிற கொல்லரின் ஓசையைப் போல விடாமல் டொங் டொங் என்று கூவுமே, அந்தப் பறவை. பச்சைக் கிளை அதன் அலகுக்கு மிகக் கடினம். பட்டு மென்மையான கிளையில்தான் அதனால் வீடு குடைய முடியும்.

பட்ட மரத்தை நாம் பயனற்றது என்று நினைக்கிறோம். மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் கிளிக்கும் அதுதான் வீடு. இருவாட்சிப் பறவை ஒரு நூற்றாண்டுக்கு மேல் சிங்கப்பூரில் காணாமல் போய், 1990களில் உபின் தீவில் மீண்டும் தென்பட்டபோது, அது கூடு வைக்கும் அளவுக்குப் பொந்துள்ள முதிய மரங்கள் போதாமல் இருந்தன. செயற்கைப் பெட்டிகள் செய்து மரங்களில் மாட்ட வேண்டியிருந்தது. பொந்து விழுவதற்கு ஒரு மரம் எடுத்துக்கொள்ளும் காலத்தை எண்ணிப் பார்த்தால், இடைஞ்சல் இல்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை விறகுக்காக வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டிலும் பெரிய தோப்பிலும் நிற்பதை அப்படியே விட்டுவிடுவதுதான் முறை. ஆனால் சித்தப்பாவின் மரம், பிள்ளைகள் விளையாடுகிற வாசலில், அழுகிய அடியோடு நிற்கிறது. முழுதாக விடவும் முடியாது.

மரவியல் படித்த ஒருவரைச் சித்தப்பா வரவழைத்தார். அவர் பார்த்துவிட்டு, மேல் தலையை முழுதும் இறக்கிவிட்டால் காற்று பிடிக்க ஒன்றும் இருக்காது, எடையும் போய்விடும், ஆகவே அடிமரத்தை மூன்றரை மீட்டருக்கு நிறுத்தி, துளையுள்ள கிளையின் கட்டையை மட்டும் விட்டுவைக்கலாம், கீழே யாரும் புழங்காமல் தடுப்பு வையுங்கள் என்றார். பறவை குஞ்சுகளோடு வெளியேறும் வரை ஐந்து வாரம் காத்திருந்து, செப்டம்பர் இறுதியில் அவருடைய ஆட்கள் கயிறு கட்டிக் கிளைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

கிளைகளைத் தரம் பிரிக்க அம்மா ஒரு முழு நாள் உட்கார்ந்தார். வெயில் படும் உயரத்தில் நின்றபடியே காய்ந்த மேல் கிளைகள் முதல் தரம். நின்று பட்ட மரத்தில் விறகுக்கு உகந்தது அந்தப் பகுதிதான். தரையில் விழுந்து கிடந்தால் நம் ஊர் மழைக்குச் சில மாதங்களிலேயே மக்கத் தொடங்கிவிடும். நகம் பதியும் அளவு மெத்தென்றிருந்தவற்றை அவர் ஒதுக்கினார். அழுகிய கட்டை பார்வைக்குப் பெரிதாக இருக்கும். கையில் எடுத்தால் வெற்றுக்கூடு போல இலேசாக இருக்கும், ஏனென்றால் எரிய வேண்டிய பொருளைக் காளான் ஏற்கெனவே தின்றுவிட்டது. மிச்சம் இருப்பது கனன்று புகையுமே தவிர, பானையைக் கொதிக்க வைக்காது. நன்கு காய்ந்திருந்தால் எந்த விறகானாலும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரே வெப்பத்தைத்தான் தரும். சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடு. புளியும் சவுக்கும் நல்ல விறகு, முருங்கை ஆகாத விறகு என்று நம் பாட்டிமார் சொன்னது கன அளவைக் கொண்டு: ஒரே அளவுள்ள கட்டையில் புளியில் பொருள் மிகுதி, முருங்கையில் குறைவு. ரப்பர்க் கட்டை நன்றாக எரியும். ஆனால் அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால் வெட்டிப் போட்ட சில வாரங்களிலேயே பூச்சி விழுந்து உளுத்துவிடும் என்றும், தோட்டத்தில் அதை உடனுக்குடன் பிளந்து அடுப்பு மேட்டின் மேல் பரணில் ஏற்றிவிடுவார்கள் என்றும் அம்மா சொன்னார். மா, புளிக்கும் முருங்கைக்கும் நடுத்தரம். தஞ்சோங் ரூ என்ற இடப்பெயரில் இருக்கும் ரூ, மலாயில் சவுக்கு மரம். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்கள் விறகுக்கென்றே பயிரிட்ட அதே மரம். ஒரு காலத்தில் கரி ஏற்றிவந்த படகுகள் அங்கேதான் ஒதுங்கின என்பது எனக்குப் பிடித்த செய்தி.

பட்ட மரம் காய்ந்த மரம் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டை மூடியிருக்கும் வரை உள்ளே ஈரம் நிற்கும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஈர விறகை அடுப்பில் வைத்தால் தீயின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த நீரை விரட்டுவதிலேயே செலவாகி, பானைக்குப் புகைதான் மிஞ்சும். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். கட்டைகளை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து, மணிக்கட்டைவிடத் தடித்தவற்றைப் பிளந்து, செங்கல்லின் மேல் அடுக்கினோம். கரையான் இருக்கும் என்பதால் வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி. மேலே மட்டும் சாய்வாகத் தகரம் போட்டு, நான்கு பக்கமும் திறந்துவிட்டோம். சித்தப்பா தார்ப்பாய் போடலாம் என்றார். தார்ப்பாயின் மடிப்பில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் என்பதால் நான் மறுத்தேன்.

காய்ந்ததா என்று அறிய நான் ஒரு வழி வைத்துக்கொண்டேன். ஒரு கட்டையில் சாக்பீஸால் குறியிட்டு, வாரந்தோறும் சித்தியின் சமையலறைத் தராசில் நிறுத்தேன். முதல் நாள் 1,840 கிராம். நான்கு வாரத்தில் 1,560. நவம்பர் நடுவில் 1,330. அதன்பிறகு மிக மெல்ல இறங்கி 1,310இல் நின்றுவிட்டது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில் அதற்குக் கீழே இறங்காது. டிசம்பர் பருவமழையில் 1,345 வரை ஏறியது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு கட்டைகளைக் கூரைக்கு அடியில் மாற்றினோம். அம்மாவுக்குத் தராசு தேவைப்படவில்லை. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். மொத்தென்றால் ஈரம், கணீரென்றால் காய்ந்துவிட்டது. என் தராசு நின்ற அதே வாரத்தில் அவருடைய கட்டையும் கணீரென்றது.

எரிக்கவே கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நம் அலையாத்திக் காடுகளில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பறித்துவிடும். மலாய்க்காரர்கள் அதற்குக் குருடு என்று பொருள்படும் புத்தா புத்தா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் புகையும் கண்ணுக்குத் தீங்கு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அதே மரம். ரெங்காஸ் மரத்தின் கருஞ்சாறு தோலைக் கொப்புளமாக்கும், புகையும் அப்படியே. பட்டையில் கறுத்த சாறு வழிந்து உலர்ந்த தடம் இருந்தால் அந்த மரத்தைத் தொடாமல் வருவதே நல்லது. அரளியையும் அடுப்பருகே கொண்டுவரக் கூடாது. மாவும் ரெங்காஸின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹோமத்துக்குச் சமித்தாக மாங்குச்சியை இடும் வழக்கம் நமக்கு உண்டு என்றாலும், மாங்காய்ப் பால் பட்டால் உடம்பு தடிக்கிற சித்தப்பாவின் பேத்தியைப் பொங்கலன்று புகை எட்டாத பக்கத்தில் உட்கார வைத்தோம். மரத்தைவிடவும் நான் அஞ்சுவது, குப்பைத்தொட்டி அருகே கிடக்கும் பழைய அலமாரிப் பலகைகளையும் சரக்குத் தட்டுகளையும்தான். சாயமும் பசையும் பூச்சிமருந்தும் ஏறிய பலகையில் பொங்கல் வைப்பது, உண்ணும் சோற்றில் அவற்றின் புகையைக் கலப்பதாகும்.

தை முதல் நாள் காலையில் அக்கம் பக்கத்தில் சொல்லிவிட்டு, வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வாசலில் மூன்று செங்கல்லை நிறுத்திப் பானையை ஏற்றினோம். மேல் கிளைச் சுள்ளிகள் ஒரே தீக்குச்சியில் பற்றின. பிளந்த கட்டைகள் தெளிவான மஞ்சள் சுடரோடு எரிந்தன. பால் பொங்கும்போது புகையில்லாமல் எல்லாரும் பானையைச் சுற்றி நிற்க முடிந்தது. ஒரே ஒரு கட்டையின் வெட்டு முனையில் மட்டும் நுரை கொப்புளித்து, உஸ்ஸென்று சத்தம் வந்தது. பிளக்காமல் விட்ட தடித்த துண்டு அது. அம்மா அதை உடனே வெளியே இழுத்து மண்ணில் அணைத்து, "இத இன்னும் ரெண்டாப் பொளந்து வைங்க" என்றார்.

அடிமரம் இப்போதும் தடுப்புக்குள் நிற்கிறது. துளையில் இரவு தங்க அந்தக் குக்குறுவான் வந்து போகிறது. மாதம் ஒரு முறை சித்தப்பா சுத்தியலின் பிடியால் அடியிலிருந்து தட்டிப் பார்த்து, வெற்றோசை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைக்கிறார். கோடு இடுப்பு உயரத்தைத் தொட்டதும் வெட்டிவிடுவது என்று பேசி முடித்திருக்கிறோம். இந்த மாதம் அது முழங்காலுக்கு நான்கு விரல் மேலே இருக்கிறது.